எலெக்ட்ரிக் கார் + மாடி சோலார்: 3 கிலோவாட்டா, 5 கிலோவாட்டா? இணைப்பு அப்பா பெயரில், சிங்கிள் பேஸ். எதை முதலில் செய்வது?

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். மதுரை புறநகரில் தனி வீடு, தரைத்தளம் மட்டும். எலெக்ட்ரிக் கார் புக் செய்யப் போகிறோம். அதோடு பி.எம். சூர்ய கர் (மாடி சோலாருக்கான மத்திய அரசுத் திட்டம்) மானியத்தில் மாடியில் சோலாரும் போட்டுவிடலாம் என்று எண்ணம். விவரம் இது:

இணைப்பு: சிங்கிள் பேஸ், அனுமதித்த மின்பளு (ஒரே நேரத்தில் இழுக்க அனுமதி உள்ள அளவு) 3 கிலோவாட். பெயர் இன்னும் அப்பா பெயரில்தான்; அவர் காலமாகிவிட்டார்.
பில்: இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் சுமார்.
சாதனங்கள்: ஒன்றரை டன் ஏசி ஒன்று, 2 கிலோவாட் கீசர், 1 எச்.பி. மோட்டார்.
கார்: பேட்டரி 30 யூனிட் அளவு. மாதம் 1,200 கி.மீ. ஓடும்.
மாடி: 450 சதுர அடி காலி. தெற்கு ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி.

சோலார் போடுபவர் ஒருவர் 5 கிலோவாட்தான் வேண்டும் என்கிறார். இன்னொருவர் 3 போதும் என்கிறார். கார் ஷோரூமில் 7.2 கிலோவாட் சார்ஜர் போடச் சொல்கிறார்கள். காருக்கென்று தனி மீட்டர் வாங்குவது லாபமா? கார் இரவில்தான் வீட்டில் நிற்கும், சோலார் பகலில் ஓடும். இது எப்படி ஒத்துவரும் என்பதும் புரியவில்லை.

---

மீட்டர்க்காரன்

சோலாரை விடுங்கள், கார் வந்தால் கரண்ட் பில் என்ன ஆகும் என்று முதலில் பார்ப்போம். சரியான அளவு அந்தக் கணக்கிலேயே வந்துவிடும்.

இந்த அளவுக் காருக்கு ஒரு யூனிட்டில் ஆறரை கி.மீ. என்று வையுங்கள். 1,200 கி.மீ.க்கு 185 யூனிட். சார்ஜ் ஏறும்போது 10 சதவிகிதத்துக்குக் குறையாமல் வெப்பமாகப் போகும். ஆக மாதம் 200, இரண்டு மாதத்துக்கு 400. வீட்டின் 420ஐச் சேர்த்தால் 820.

நம் ஊர்க் கட்டணத்தில் 500 யூனிட் ஒரு வேலி. அதைத் தாண்டாத வரை 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகள் சலுகை விலையில் கிடைக்கும். தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும், மேல் படிகளும் செங்குத்தாக ஏறும். 2022 செப்டம்பரில் வந்த அட்டவணையை வைத்துப் போடுகிறேன் (அதன் பிறகு விலை கொஞ்சம் ஏறியது, படிகளின் அமைப்பு அதேதான்):

420 யூனிட்: முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 2.25 வீதம் 225, அடுத்த 200க்கு 4.50 வீதம் 900, கடைசி 20க்கு 6 வீதம் 120. மொத்தம் 1,245 ரூபாய்.

820 யூனிட்: 100 இலவசம், 300 யூனிட் 4.50 வீதம் 1,350, அடுத்த நூறு 6 வீதம் 600, அதற்கடுத்த நூறு 8 வீதம் 800, 200 யூனிட் 9 வீதம் 1,800, கடைசி 20 பத்து ரூபாய் வீதம் 200. மொத்தம் 4,750.

வித்தியாசம் 3,505 ரூபாய். அதாவது காருக்குப் போகும் ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய் 76 காசு. "வீட்டுக் கரண்ட் நாலரை ரூபாய்தானே" என்று ஷோரூமில் போட்டுக் காட்டும் கணக்கு இந்த இடத்தில்தான் பொய்க்கும். சோலார் வெட்டுவதும் இந்த மேல்படி யூனிட்டுகளைத்தான். அதனால்தான் கார் உள்ள வீட்டில் சோலார் போட்ட பணம் சீக்கிரம் திரும்புகிறது. கார் இல்லாத 420 யூனிட் வீட்டில் அவ்வளவு வேகம் இருக்காது.

இனி அளவு. நம் பக்கம் 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியில் நாளுக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 4,380. உங்கள் தேவை 820 பெருக்கல் 6, அதாவது 4,920. மிச்சம் 540. ஆண்டில் ஆறு பில், ஒவ்வொன்றிலும் 100 இலவசம் என்றால் 600. இலவசமாக வருவதை நீங்கள் உற்பத்தி செய்யத் தேவையில்லை. 3 கிலோவாட் உங்களுக்குத் தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது.

கணக்கு அச்சு அசலாக இப்படியே நடக்காது. பங்குனி, சித்திரையில் உற்பத்தி தேவையைத் தாண்டி நிகரம் பூஜ்யத்துக்குக் கீழே போனால், அந்தப் பில்லில் 100 இலவச யூனிட் பயன்படாமல் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உற்பத்தி கிலோவாட்டுக்கு 3 யூனிட்டுக்கும் கீழே இறங்கும். அப்போது கொஞ்சம் கட்ட வேண்டிவரும். அதையும் சேர்த்தாலும் ஆண்டு மொத்தம் சில நூறு ரூபாய்தான் இடிக்கும்.

5 கிலோவாட் போட்டால் ஆண்டுக்கு 7,300 யூனிட். அதில் சுமார் 2,400 யூனிட் உங்களுக்கு வேலையே இல்லாமல் கிரிட்டுக்கு (மின்வாரிய லைனுக்கு) போகும். மானியமோ 3 கிலோவாட்டோடு நின்றுவிடும். பிறகு ஏன் 5 என்கிறார்? பில் தொகை பெரிது, அவ்வளவுதான்.

பகல், இரவு குழப்பத்துக்குப் பதில்: நெட் மீட்டர் போட்ட பிறகு பகலில் மிஞ்சுவது வெளியே போகும், இரவில் கார் உள்ளே இழுக்கும். வீட்டு இணைப்பில் இரண்டையும் யூனிட்டுக்கு யூனிட் கழித்து நிகரத்துக்குத்தான் பில். மிச்சம் இருந்தால் அடுத்த பில்லுக்கு ஏறும். எனவே காரைப் பகலில் சார்ஜ் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நெட்வொர்க் கட்டணம் (மின்வாரிய லைனைப் பயன்படுத்துவதற்கு) என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021 உத்தரவிலிருந்து ஒன்று உண்டு. சோலார்காரர் தரும் சேமிப்பு அட்டவணையில் அதைக் கணக்கில் எடுத்திருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள்.

தனி மீட்டர் வேண்டாம். மாடி சோலாரின் வரவு வீட்டு மீட்டரில் விழும், காரின் செலவு இன்னொரு மீட்டரில் விழும். ஒன்றை ஒன்று கழிக்காது. சோலார் இல்லாத வீட்டுக்குத்தான் தனி இணைப்பு யோசிக்கத் தக்கது, அதிலும் நிலைக் கட்டணத்தைச் சேர்த்துப் பார்த்த பிறகு.

---

கோப்புக்கட்டு

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் வேலை நிற்கப் போவது கணக்கில் இல்லை, பெயரில். இணைப்பு அப்பா பெயரில் இருக்கும் வரை சூர்ய கர் போர்ட்டலில் ஒன்றும் தொடங்காதீர்கள். விண்ணப்பம் இணைப்பு எண்ணை வைத்துத்தான் போகிறது. பில்லில் ஒரு பெயர், மானியம் வாங்கும் வங்கிக் கணக்கில் இன்னொரு பெயர் என்றால், பேனல் மாடியில் ஏறி, மீட்டரும் மாட்டி, எல்லாம் முடிந்த பிறகு பணம் மட்டும் வராமல் நிற்கும். அந்தக் கட்டத்தில் திருத்துவதுதான் பெரிய தொல்லை.

வரிசை இப்படி வையுங்கள்:

1. பெயர் மாற்றம். வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், நடப்பு சொத்து வரி ரசீது. பெயர் மாறியதும் இணைப்போடு உங்கள் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். 2022 இறுதியில் எல்லோரும் இணைத்தபோது உங்கள் வீட்டில் யாருடைய ஆதாரைக் கொடுத்தார்கள் என்று பலருக்கு நினைவிருக்காது. இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது வரை ஆதார், பில், பாஸ்புக் மூன்றும் ஒன்றாக இருப்பது நல்லது.

2. மின்பளு உயர்வும் த்ரீ பேஸும் ஒரே விண்ணப்பத்தில். ஏன் என்று வயரிங் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நான் சொல்வது கோப்புக்காக. சோலார் அளவு அனுமதித்த மின்பளுவைத் தாண்டக் கூடாது. 3க்கு 3 என்றால் தடை இல்லை, ஆனால் காருக்கு எப்படியும் உயர்த்தித்தான் ஆக வேண்டும். சோலாருக்கு ஒரு முறை, காருக்கு ஒரு முறை என்று இரண்டு தடவை பிரிவு அலுவலகம் ஏறாதீர்கள்.

3. அதன் பிறகு பி.எம். சூர்ய கர் போர்ட்டல். மாநிலம், மின் விநியோக நிறுவனம், மண்டலக் குறியீட்டோடு முழு இணைப்பு எண். 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024 நுகர்வோர் உரிமை விதித் திருத்தமே சொல்கிறது. "ஃபீசிபிலிட்டி வாங்கித் தருகிறேன்" என்று யாராவது தனியாகக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

4. பதிவு பெற்ற விற்பனையாளரோடு ஒப்பந்தம். பட்டியலில் இல்லாதவர் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் மானியம் கிடையாது. ஐந்து ஆண்டு பராமரிப்பு அவர் பொறுப்பு; அது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும்.

5. பேனல் ஏற்றியதும் விவரங்களைப் பதிவேற்றி நெட் மீட்டருக்கு விண்ணப்பம், ஆய்வு, மீட்டர் மாட்டுதல், இயக்கச் சான்று. பேனலுக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர் நிற்கும் இட முத்திரையோடு கூடிய புகைப்படம் கேட்பார்கள். பணியாளர் நிற்கும் படத்தை ஏற்றிவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள் என்று வருந்துவதில் பயனில்லை.

6. கடைசியில் வங்கி விவரம், ரத்து செய்த காசோலை. இயக்கச் சான்று வந்து 30 நாளுக்குள் மானியம் என்பது திட்ட விதி.

மானியம் எவ்வளவு: முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதற்கு 18,000. மொத்தம் 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அதே 78,000. இதில் ஒரு கண்ணி: பேனல்களின் மொத்தத் திறன், இன்வெர்ட்டர் (பேனலின் டி.சி.யை வீட்டுக்கான ஏ.சி. கரண்டாக மாற்றும் பெட்டி) திறன் இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. 540 வாட் பேனல் ஐந்து மட்டும் வைத்து 3 கிலோவாட் இன்வெர்ட்டர் போட்டால் நீங்கள் 2.7 கிலோவாட் ஆள். 60,000த்தோடு 0.7க்கு 12,600, ஆக 72,600. ஆறாவது பேனலை விட்டுக் கொடுத்ததில் 5,400 ரூபாய் போகிறது, உற்பத்தியும் போகிறது. விலைப் புள்ளியில் "3 கிலோவாட் சிஸ்டம்" என்று மொத்தமாக எழுதியிருந்தால் பேனல் எத்தனை, ஒன்று எத்தனை வாட் என்று எழுதி வாங்குங்கள்.

பேனல் டி.சி.ஆர். வகையாக, அதாவது செல்லும் பேனலும் இங்கேயே தயாரானதாக இருக்க வேண்டும். மற்ற பேனல் மலிவு என்பதால் விலைப் புள்ளியில் ஒன்றும் மாடியில் வேறொன்றும் வரக்கூடும். பேனல் தரையில் இருக்கும்போதே பின்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்து, ஆறு தொடர் எண்களையும் சான்றிதழோடு ஒத்துப் பாருங்கள். ஸ்ட்ரக்சரில் (பேனலைத் தாங்கும் சட்டத்தில்) ஏற்றிய பிறகு குனிந்து படிக்க முடியாது.

இன்னொன்று: மானியம் உங்கள் கணக்குக்குத்தான் வரும். விற்பனையாளருக்கு முழுத் தொகையும் நீங்கள் முதலில் தர வேண்டும். 3 கிலோவாட் வரை பிணையில்லாக் கடன் பொதுத்துறை வங்கிகளில் உண்டு; திட்டத்தின்படி ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டிக்கு மேல் அரை சதவிகிதம்.

காரைப் பற்றி ஒரு வரி. பி.எம். இ-டிரைவ் என்று மத்திய அரசின் மின் வாகன மானியத் திட்டம் ஒன்று உண்டு, ஆனால் அது சொந்தக் காருக்கு இல்லை. ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம் என்பதுதான் மத்தியில் கிடைக்கும் சலுகை. 80இ.இ.பி. பிரிவில் கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் கழிக்கலாம் என்று இன்னும் சில விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். 2023 மார்ச் 31க்குள் அனுமதியான கடனுக்குத்தான் அது. சாலை வரி விலக்கு தேதி குறித்த அரசாணையில் வருவது. வண்டி பதிவாகும் நாளில் ஆணை நடப்பில் இருக்க வேண்டும், புக் செய்த நாள் கணக்கில்லை.

---

செம்புக்கம்பி

7.2 கிலோவாட் சார்ஜர் உங்களுக்குத் தேவையில்லை. நாளுக்கு 40 கி.மீ. ஓட்டுகிறீர்கள், அது 7 யூனிட். காரோடு வரும் 3.3 கிலோவாட் சார்ஜரில் இரண்டே கால் மணி நேரம். பேட்டரி அடியோடு காலியாகி வந்தாலும் பத்து, பதினோரு மணி நேரத்தில் நிறைந்துவிடும். 7.2 என்றால் தொடர்ந்து 32 ஆம்பியர். கம்பி, பிரேக்கர், மின்பளு எல்லாம் பெரிதாகும். இரவு முழுக்க சும்மா நிற்கும் வண்டிக்கு இத்தனை அவசரம் ஏன்?

ஆனால் 3.3க்கும் உங்கள் இப்போதைய இணைப்பு போதாது. சார்ஜர் 3.3, கீசர் 2, ஏசி 1.5, மோட்டார் 0.75. கூட்டினால் ஏழரை கிலோவாட், 33 ஆம்பியர். சிங்கிள் பேஸில் எல்லாம் ஒரே கம்பியில். ஏசி ஓடும்போது யாராவது கீசரைப் போட்டு, கீழே காரும் ஏறிக்கொண்டிருந்தால் சர்வீஸ் ஒயர் சுடும், வீட்டு வோல்டேஜ் 200க்குக் கீழே இறங்கும். த்ரீ பேஸ் வாங்கி ஏசியை ஒரு பேஸில், கீசர், மோட்டாரை இன்னொன்றில், காரை மூன்றாவதில் வையுங்கள்.

கார் லைன் எப்படி இழுப்பது:

மெயின் போர்டிலிருந்து தனி லைன். நடுவில் வேறு எந்த பிளக்கும், லைட்டும் கிளை எடுக்கக் கூடாது. 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.) காப்பர் மூன்று கம்பி (பேஸ், நியூட்ரல், எர்த்). பழைய வீட்டு 15 ஆம்பியர் பாயின்ட் பெரும்பாலும் 2.5 ஸ்கொயரில்தான் இருக்கும். கீசருக்கு அது தாங்கும், ஏனென்றால் கீசர் பதினைந்து நிமிடத்தில் அணைந்துவிடும். கார் எட்டு மணி நேரம் நிற்காமல் 15 ஆம்பியர் இழுக்கும். வீட்டில் வேறெந்தச் சாதனமும் அப்படி இழுப்பதில்லை. 30 மீட்டர் தூரத்துக்கு 2.5 ஸ்கொயரில் 6.7 வோல்ட் விழும், 4 ஸ்கொயரில் 4.1. விழும் வோல்ட் எல்லாம் குழாய்க்குள் வெப்பமாகத்தான் மாறுகிறது.

பிரேக்கர் 20 ஆம்பியர், சி கர்வ். அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்). கடையில் சும்மா கேட்டால் ஏ.சி. டைப் தருவார்கள். அது வேண்டாம், காரின் உள் சார்ஜரிலிருந்து டி.சி. கசிவு வந்தால் ஏ.சி. டைப் குருடாகிவிடும், மனிதன் மேல் கரண்ட் பாய்ந்தாலும் விழாது. குறைந்தது ஏ டைப். மேலே "ஏ" என்று எழுத்தும், அலைக்குக் கீழே சிறு மேடு மேடாக ஒரு குறியும் இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

சாக்கெட்: சாதாரண 16 ஆம்பியர் பிளக் பாயின்டை விட, மூடி போட்ட நீல நிற இன்டஸ்ட்ரியல் சாக்கெட் மேல். ஆனால் காரோடு வரும் சார்ஜரில் சாதாரண 16 ஆம்பியர் பிளக் இருந்தால் அதற்கு அடாப்டர் போடக் கூடாது. அடாப்டரும் எக்ஸ்டென்ஷன் கார்டும் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதியிலேயே தடை. அந்தச் சமயத்தில் நல்ல தரமான 16 ஆம்பியர் சாக்கெட்டே போடுங்கள். தரையிலிருந்து 800 மி.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது. கம்பி முனையை முறுக்கி அப்படியே திருகுக்குள் சொருகாமல் லக் (கம்பி முனைக்கான உலோகத் தொப்பி) அடித்து இறுக்கச் சொல்லுங்கள்.

முதல் நாள் சார்ஜில் அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள். திருகு தளர்வு, அல்லது சாக்கெட்டின் உள் ஸ்பிரிங் பிடிப்பு இல்லை. பின்னின் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாக மாறத் தொடங்கினால் சாக்கெட்டை மாற்ற வேண்டும், இறுக்கினால் சரியாகாது. ஒரு மாதம் கழித்து மெயினை அணைத்து எல்லாத் திருகையும் மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள். புது லைன்களில் பிளக் எரிவதற்குப் பல நேரம் காரணம் இதைச் செய்யாததுதான்.

எர்த் தான் பெரிய விஷயம். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்து பாருங்கள், சுமை ஓடும்போது. இரண்டு, மூன்று வோல்ட் வரை பரவாயில்லை. பத்தைத் தாண்டினால் எர்த் காய்ந்திருக்கிறது அல்லது நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. மதுரை மண்ணில் கோடையில் எர்த் குழி காய்ந்து, சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து, வண்டி ஏற மறுப்பது சாதாரணம். காருக்கென்று தனி எர்த் போட்டு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

சிவப்பு விளக்கை அணைக்கச் சில எலெக்ட்ரீஷியன்கள் ஒரு குறுக்கு வழி செய்வார்கள்: சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவது. விளக்கு பச்சையாகும், கார் ஏறும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கார் பாடி முழுவதும் 230 வோல்ட் நிற்கும். அப்படிச் செய்தவரை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள்.

---

வைகைக்கரை

ரொம்ப நன்றி. அப்படியானால் பெயர் மாற்றம், த்ரீ பேஸ், சோலார், கார் லைன் என்று போகிறேன். இரண்டு சந்தேகம். த்ரீ பேஸ் வந்த பிறகு சோலார் இன்வெர்ட்டரும் த்ரீ பேஸாக இருக்க வேண்டுமா? தெற்கில் உள்ள தொட்டி எவ்வளவு கெடுக்கும்?

---

மீட்டர்க்காரன்

3 கிலோவாட்டுக்குச் சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் போதும். சோலார் ஒரு பேஸில், கார் வேறு பேஸில் இருந்தாலும் பெரும்பாலான த்ரீ பேஸ் மீட்டர்கள் மூன்றையும் கூட்டித்தான் யூனிட் எண்ணும். மேலும் ஆறே பேனலைத் த்ரீ பேஸ் இன்வெர்ட்டரில் கொடுத்தால் டி.சி. வோல்டேஜ் அதற்குக் குறைவாக இருக்கும். ஒரு பேனல் 41 வோல்ட் என்றால் ஆறுக்கு 246; கோடை வெயிலில் பேனல் கொதிக்கும்போது அதுவும் 215 பக்கம் இறங்கும். இன்வெர்ட்டரின் வேலை எல்லையின் அடி விளிம்பில் நிறுத்துவானேன்?

எந்தப் பேஸில் இணைப்பது என்பதைக் குருட்டாம்போக்கில் முடிவு செய்யாதீர்கள். நண்பகலில் மூன்று பேஸையும் அளந்து, வோல்டேஜ் குறைவாக இருப்பதில் இணைக்கச் சொல்லுங்கள். சோலார் வெளியே தள்ளும்போது அந்தப் பேஸின் வோல்டேஜ் ஏறும். ஏற்கெனவே 245 இருக்கும் பேஸில் இணைத்தால் பளீரென்ற வெயிலில்தான் இன்வெர்ட்டர் ஓவர் வோல்டேஜ் காட்டி நிற்கும். மேகம் வந்தால் ஓடும். காரணம் தெரியாமல் பேனலைத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள்.

தொட்டி: மார்கழியில் மதுரையில் உச்சி வெயில் தெற்கே சாய்ந்து 56 டிகிரி உயரத்தில் நிற்கும். பேனலை விட 2 மீட்டர் உயர்ந்த தொட்டியின் நிழல் நண்பகலில் 1.3 மீட்டர் வடக்கே விழும். காலை, மாலையில் இன்னும் நீளும். எனவே தொட்டியிலிருந்து 3 மீட்டர் தள்ளி முதல் வரிசை வையுங்கள். ஆடியில் வெயில் வடக்கே போய்விடும், அப்போது தொட்டி ஒன்றும் செய்யாது. ஆறு பேனலும் ஒன்றோடொன்று தொடராக ஒரே சரத்தில் இருப்பதால் ஒரு பேனலின் மூலையில் நிழல் விழுந்தாலும் இழப்பு அந்த மூலையோடு நிற்காது என்பதை மறக்க வேண்டாம். சாய்வு 10 டிகிரி, தெற்குப் பார்த்து. 3 கிலோவாட்டுக்கு 300 சதுர அடி. உங்களிடம் 450 இருப்பதால் தள்ளி வைக்க இடம் உண்டு.

ஸ்ட்ரக்சர் சூடான துத்தநாகக் குளியல் கொடுத்த இரும்பாக இருக்கட்டும். வெல்டிங் வைத்து சில்வர் பெயின்ட் அடித்தது இரண்டு மழைக்காலத்தில் துரு காட்டும். காற்று வேகக் கணக்கில் சென்னைக்கு வினாடிக்கு 50 மீட்டர், மதுரைக்கு 39. கடலோரத்துக்காரர்கள் இந்த இழையைப் படித்து மதுரைப் பக்கம் போட்ட அதே கம்பி அளவை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

ஆறாவது தளம்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அடுக்குமாடியில் இருப்பவருக்கு இதில் எது பொருந்தும்? மாடி எல்லோருக்கும் பொது, பார்க்கிங் மட்டும் தனி.

---

கோப்புக்கட்டு

78,000 மானியம் தனி வீட்டு இணைப்புக்கு. குடியிருப்போர் சங்கத்துக்கு வேறு வழி இருக்கிறது: பொது வசதிகளுக்காக, கார் சார்ஜிங் உட்பட, கிலோவாட்டுக்கு 18,000, வீட்டுக்கு 3 கிலோவாட் என்ற கணக்கில், 500 கிலோவாட் வரை. லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு ஓடும் பொது இணைப்பின் பில்லைக் குறைக்க இது நல்ல வழி, ஏனென்றால் அந்த இணைப்பில் 100 இலவசமும் இல்லை, படிகளும் இல்லை, முதல் யூனிட்டிலிருந்தே கூடுதல் விலை. (லிஃப்ட் இல்லாத, 10 வீட்டுக்கும் மூன்று தளத்துக்கும் மிகாத குடியிருப்புகளுக்கு 2023 நவம்பரிலிருந்து 8 ரூபாயை 5.50 ஆகக் குறைத்தார்கள். ஆறாவது தளம் என்று பெயர் வைத்திருப்பவருக்கு அது உதவாது.)

காரை எந்த மீட்டரில் கட்டுவது என்பதில்தான் சண்டை வரும். பொது மீட்டரிலிருந்து பிளக் கொடுத்து சப் மீட்டர் வைத்தால் தொடக்கத்தில் எளிது. நான்காவது கார் வந்ததும் பொது இணைப்பின் மின்பளு முட்டும், உயர்த்தும் செலவு யாருடையது என்று பொதுக்குழு உடையும். உங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே பார்க்கிங்குக்குக் கேபிள் இறக்குவது சுத்தம்: பில் உங்களுடையது, மின்பளுவும் உங்களுடையது. மின் நுகர்வோர் தன் வீட்டு இணைப்பிலேயே வண்டியை சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின் அமைச்சக வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. காருக்குத் தனி இணைப்பு கேட்டால் தர வேண்டும் என்று 2024 விதித் திருத்தமும் இருக்கிறது. சங்கத்துக்குக் கடிதம் எழுதும்போது இவ்விரண்டையும் குறிப்பிட்டு, கேபிள் போகும் பாதையை ஒரு தாளில் வரைந்து இணையுங்கள். "அனுமதி தாருங்கள்" என்பதை விட "இந்தப் பாதையில் போடுகிறேன், ஆட்சேபணை இருந்தால் எழுத்தில் தாருங்கள்" என்பது சீக்கிரம் நகரும்.

---

செம்புக்கம்பி

அடுக்குமாடிக்கு வயரிங்கில் ஒன்று. மீட்டர் அறையிலிருந்து பார்க்கிங் 50 மீட்டர் வரை போகலாம். அந்தத் தூரத்துக்கு 4 ஸ்கொயரில் 7 வோல்ட் விழும். 6 ஸ்கொயர் போடுங்கள். இருபது வீட்டுக்கும் 3.3 வீதம் 66 கிலோவாட் வரும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஏறினால்தான் அது. இரவு பத்துக்குப் பிறகு தொடங்கும்படி காரிலேயே நேரம் வைத்து, பாதிப் பேர் இரண்டு மணிக்குத் தொடங்கினால் சுமை பாதியாகும். ஆனால் கேபிள் தட்டை மட்டும் இப்போதே இருபதுக்கும் இடம் விட்டுப் போடுங்கள், பிறகு ஒவ்வொருவராகத் துளை போட்டால் தூண்கள் சல்லடையாகிவிடும்.

---

மீட்டர்க்காரன்

வைகைக்கரைக்குக் கடைசியாக ஒன்று. நெட் மீட்டர் மாட்டிய அன்றே அதன் திரையைப் படிக்கப் பழகுங்கள். எண்கள் மாறி மாறி ஓடும். ஓரத்தில் சின்னதாக 1.8.0 என்று வந்தால் நீங்கள் வாங்கியது, 2.8.0 என்று வந்தால் நீங்கள் கொடுத்தது. இரண்டையும் முதல் நாளில் படம் எடுத்து வையுங்கள், பிறகு ரீடிங் எடுக்கும் நாளிலெல்லாம். நல்ல வெயில் நேரத்தில், வீட்டில் சுமை குறைவாக இருந்தும் 2.8.0 அசையவில்லை என்றால் இன்வெர்ட்டர் ஓடவில்லை, அல்லது வயரை முன்பின் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பிந்தையது என்றால் நீங்கள் கொடுத்தது 1.8.0வில் ஏறி, பில் தப்பாக வரும். இரண்டு மாதம் காத்திருந்து பில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சோலார் லைனைத் தொடாமல் வீட்டுச் சாதனங்களை எல்லாம் அணைத்து இன்வெர்ட்டர் மட்டும் ஓடும்படி பத்து நிமிடம் விட்டால் எந்த எண் நகர்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். மீட்டர் மாட்ட வந்தவர் கிளம்பும் முன் இதைச் செய்துவிடுங்கள்.